நானோ குமிழி மிஷின் வாங்கலாமா?

கேள்வி: அரை ஏக்கர் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறோம் அக்கா. நானோ குமிழி நீரில் மீன் இரட்டிப்பாக வளரும், ஆக்சிஜன் ஏற்றிய அந்த நீரைக் குடித்தால் பிள்ளைகளும் நன்றாக வளர்வார்கள் என்று மிஷின் விற்க வந்தவர் சொல்கிறார். கடன் வாங்கிப் போடலாமா?
– ஒரு வாசகி, ஒரத்தநாடு

பதில்: இப்போதைக்குக் கடன் வேண்டாம், தங்கச்சி.

அவர் சொன்னதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வு அது. அயு என்ற ஆற்று மீனை 3 கிலோ விட்டு 3 வாரம் வளர்த்தார்கள். சாதாரண நீரில் 6.4 கிலோ வந்தது. காற்று நானோ குமிழி நீரில் 10.2 கிலோ. ஆனால் டிரவுட் மீன் 50 கிலோ விட்டதில், 6 வாரம் கழித்து சாதாரண நீரில் 129.5 கிலோ, நானோ குமிழி நீரில் 148 கிலோதான். இந்த இரண்டாவது கணக்கை உங்களிடம் சொன்னாரா? இரண்டுமே குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழ்கிற மீன்கள். நம் கட்லாவை அவர்கள் வளர்த்துப் பார்க்கவில்லை.

பெரிய குமிழி மேலே வந்து உடைந்துவிடும். ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய நானோ குமிழி மேலே ஏறாமல் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். அதுதான் இதன் சிறப்பு. ஆனால் நம் குளத்தில் ஆக்சிஜன் குறைந்து கஷ்டம் வருவது விடியற்காலையில். பாசி பகலில் ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு விட்டு ஆக்சிஜனைச் செலவழிக்கும். நான் குளம் வைத்திருந்த காலத்தில், ஒரு மழை மூட்டத்துக்கு மறுநாள் ஐந்து மணிக்குப் போனால் கட்லா எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்டவிட்டேன். அப்படியும் இருபது மீன் செத்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அதே ஒசாகா ஆய்வில், ஆக்சிஜன் நானோ குமிழி நீரை 12 வாரம் குடித்த சுண்டெலிகள் 23.5 கிராம் இருந்தன, மற்றவை 21.8 கிராம். அவ்வளவுதான். நாம் ஒரு மூச்சில் இழுக்கும் அரை லிட்டர் காற்றில் 100 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம்தான். அதைப் பல மடங்கு ஏற்றினாலும் ஒரு மூச்சுக்கு ஈடாகாது. அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

ஆக்சிஜன் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, மூன்று நாள் விடியற்காலை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் முதலில் தீனியையும் மீன் எண்ணிக்கையையும் குறைத்து, சாதாரண ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஒன்று போடுங்கள். அளவு 5-க்கு மேலேயே நின்றால் எந்த மிஷினும் உங்களுக்கு அவசரமில்லை. அளந்ததை எனக்கு எழுதுங்கள்.