ட்ரெய்லர்ல காட்டுன ஃபைட்டு படத்துல இல்ல, காசு திரும்ப வருமா?

கேள்வி: சார் வணக்கம். லீவுல பசங்க உசிர எடுத்துகினே இருந்தாங்கன்னு குடியாத்தத்துல இருந்து பஸ் புடிச்சி வேலூர் போயி அந்தப் பெரிய சூப்பர்ஹீரோ படத்துக்கு ஆறு டிக்கெட் போட்டேன், த்ரீடி, ஆன்லைன் புக்கிங். டிக்கெட்டு, கன்வீனியன்ஸ் ஃபீஸு, கண்ணாடிக்கு தனி காசு, பாப்கார்னுன்னு ரெண்டாயிரத்துக்கு மேல போச்சு. படம் சுத்த வேஸ்ட்டு. ட்ரெய்லர்ல காட்டுன மெயின் ஃபைட்டே காணோம், மிச்சமெல்லாம் ஒரே இருட்டு, யாரு யார அடிக்கிறான்னே தெரியல, சின்னப் பொண்ணு பாதியில தூங்கிட்டா. ஆயிரக்கணக்கான கோடி போட்டு எடுத்தாங்கன்றாங்களே, எங்க சார் போச்சு அந்தக் காசு? கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: அண்ணா, படம் நல்லா இல்லன்னு கேட்டா ஒரு பைசா வராது, அத மொதல்லயே சொல்லிடறேன். நீங்க காசு குடுத்தது அந்த ஷோவுக்கும் அந்த சீட்டுக்கும்தான், கதை புடிக்கும்னு யாரும் கேரண்டி குடுக்கல.

ட்ரெய்லர் மேட்டருக்கும் ஏற்கனவே தீர்ப்பு இருக்கு. 2016ல ஷாருக் கான் நடிச்ச 'ஃபேன்' வந்தப்ப, விளம்பரத்துல ஓயாம ஓடுன பாட்டு படத்துல இல்ல, பசங்க அந்தப் பாட்டுக்காகவே வந்து ஏமாந்துட்டாங்கன்னு ஒரு டீச்சரம்மா கேஸ் போட்டாங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல தள்ளுபடி, மாநில ஆணையத்துல 10,000 ரூபா நஷ்ட ஈடு, தேசிய ஆணையமும் அதுக்கு சரின்னுச்சு, கடைசில 2024 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் எல்லாத்தையும் ரத்து பண்ணிடுச்சு. ட்ரெய்லர்ன்றது படத்து மேல ஆசை வர வைக்கிற விளம்பரம், அதுல காட்டுனதெல்லாம் படத்துல இருக்கும்னு ஒப்பந்தம் ஆகாதுன்னாங்க. அதனால அந்த ஃபைட்ட மறந்துடுங்க.

ஆனா நீங்க போற போக்குல 'ஒரே இருட்டு'ன்னு எழுதினீங்க பாருங்க, கேக்க வேண்டியது அதத்தான். த்ரீடி கண்ணாடி போட்டாலே திரையில இருந்து வர்ற வெளிச்சத்துல பாதிக்கு மேல போயிடும், அத ஈடு கட்டற அளவுக்கு தியேட்டர்காரங்க ப்ரொஜெக்டர்ல வெளிச்சம் ஏத்தி வெக்கணும், லேம்ப் பழசாச்சுன்னாலோ கரண்ட் மிச்சம்னு கம்மியா வெச்சாலோ ராத்திரி சீனெல்லாம் வெறும் கருப்புதான். சில டைரக்டருங்களே இருட்டாதான் எடுக்கறாங்க, அதுவும் உண்மை. ஆனா பகல்ல நடக்கற சீன் கூட மங்கலா தெரிஞ்சா அது தியேட்டர் கோளாறு, சேவைக் குறைபாடுன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. எப்போ கேக்கணும்? படம் விட்டு பஸ் ஸ்டாண்டு வந்தப்புறம் இல்ல, இன்டர்வல்லயே, முடிஞ்சா அதுக்கும் முன்னாடியே எழுந்து போயி மேனேஜர கூப்டு காட்டணும், சரி பண்ண முடியலன்னா வேற ஷோவுக்கு மாத்தி குடுங்க இல்ல காசு குடுங்கன்னு அங்கயே கேக்கணும், அவர் பதில் சரியில்லன்னா டிக்கெட்ட பத்திரமா வெச்சுகினு 1915ன்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணணும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம். ஆனா உங்க கேஸ்ல அன்னிக்கு யாருகிட்டயும் சொல்லாம வந்துட்டீங்க, இருட்டா இருந்துச்சுன்னு இப்ப எத வெச்சு நிரூபிப்பீங்க? நான் போட மாட்டேன்.

காசு எங்க போச்சுன்னு கேட்டீங்க. உதாரணத்துக்கு, 2017ல வந்த 'ஜஸ்டிஸ் லீக்'ன்ற ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படம், சுமார் 30 கோடி டாலர் படம்னு சொல்வாங்க, அன்னிக்கு ரேட்டுக்கு கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபா. டைரக்டர் பாதியில விலகி, வேற ஒருத்தர் வந்து நிறைய சீன திரும்ப ஷூட் பண்ணாரு. சூப்பர்மேனா நடிச்ச ஹென்றி கேவில் அதுக்குள்ள இன்னொரு கம்பெனி படத்துக்கு மீச வளத்துட்டாரு, அந்தக் கம்பெனி எடுக்க விடல, அப்புறம் கம்ப்யூட்டர்லயே ஒவ்வொரு ஃப்ரேமா மீசைய அழிச்சாங்க, மேல் உதடு மட்டும் பிளாஸ்டிக் மாதிரி ஆயி ஊரே சிரிச்சுது. பட்ஜெட்டு இப்படியும் கரையும். போஸ்டர்ல இத்தன கோடின்னு போட்டா நாம டிக்கெட்டு வாங்க அது ஒரு காரணமே இல்ல.

அடுத்த வாட்டி மொத மூணு நாள் விட்டுட்டு திங்கக்கிழமைக்கு மேல பாருங்க, அதுக்குள்ள பாத்தவங்க சொல்லிடுவாங்க. டூடி ஷோ இருந்தா அதுக்கே போங்க, கண்ணாடி காசும் மிச்சம் படமும் பளிச்சுன்னு தெரியும். ஊர்க்காரங்க யாராவது வேலூர் போனா கவுண்டர்லயே எடுத்துட்டு வரச் சொல்லுங்க, கன்வீனியன்ஸ் ஃபீஸ் இல்ல. சும்மா நம்மூரு வெயிலுக்கு ரெண்டு மணி நேரம் ஏசில உக்காரத்தான் போறோம்னா அது வேற கணக்கு, அதுல நான் தலையிடல.

கேள்வி: காட்பாடியில இருந்து எழுதறேன். கேட்ல தண்ணி பாட்டில புடுங்கிட்டாங்க, உள்ள விக்கற விலைக்கு வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: வேணாம்மா. வெளி சாப்பாடு கூடாதுன்னு தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு, 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ஆனா அதே தீர்ப்புலதான் சுத்தமான குடிதண்ணி ஃப்ரீயா வெக்கணும்னும், கைக்குழந்தைக்கு தேவையான அளவு சாப்பாடு பெத்தவங்க எடுத்துட்டு போலாம்னும் இருக்கு. தண்ணி எங்க இருக்குன்னு கேளுங்க, இல்லன்னா அதே 1915தான்.