‘லவ்’ என்றால் கண்ணு

கேள்வி: திருநெல்வேலியில் ஆறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, மூன்று மாதம் முன்பு இங்கிலாந்தில் யார்க்‌ஷர் பக்கம் பார்ன்ஸ்லிக்கு வந்தேன். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் வார்டில் பாதிப் பேச்சு புரியவில்லை. ஒரு தாத்தா தினமும் ‘நவ் தென், லவ்’ என்கிறார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றால், ஒன்றும் சொல்வதில்லை. அந்த ‘லவ்’ வேறு உறுத்துகிறது. கண்டிக்கலாமா?

பதில்: ஐயோ, கண்டித்துவிடாதீர்கள் தங்கச்சி! ‘நவ் தென்’ என்பதுதான் அவர் சொல்ல வந்ததே. நம் ஊரில் ‘என்னம்மா, வந்துட்டியா’ என்பதைப் போல. நீங்களும் ‘நவ் தென்’ என்று சொல்லிவிட்டு பிபி பார்க்கப் போகலாம். ‘லவ்’வும் அப்படித்தான், கோயம்புத்தூர்ப் பாட்டி முன்பின் தெரியாத பிள்ளையைக்கூட ‘வா கண்ணு’ என்பாரே, அதே கணக்கு. அங்கே கடைக்காரம்மா, பஸ் டிரைவர் எல்லோர் வாயிலும் வரும், வயதான ஆண்கள் ஆண்களையே அப்படிக் கூப்பிடுவதுண்டு. கூடவே கையைப் பிடித்து இழுத்தால் அது வேறு கதை, அப்போது சிஸ்டர் இன்சார்ஜிடம் சொல்லுங்கள்.

நான் பயப்படுவது வேறு வார்த்தைகளுக்கு. தெரிந்த வார்த்தைபோல முகம் காட்டி ஏமாற்றுபவை. பழைய ஆட்கள் ‘நத்திங் வைல் சிக்ஸ்’ என்றால் ஆறு மணி வரை எதுவும் வேண்டாம் என்று பொருள். அங்கே ‘வைல்’ என்றால் ‘வரை’. ‘டின்னர்’ பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடு, ‘டீ’ சாயங்காலச் சாப்பாடு. ‘மாத்திரையை டீக்கு அப்புறம் போட்டேன்’ என்று ஒருவர் சொல்ல, நீங்கள் நாலு மணி டீயை நினைத்துக் குறித்துவைத்தால் என்ன ஆகும்? அதனால் மணி என்ன என்று கேட்டு, எண்ணிலேயே எழுதுங்கள். ‘ஐம் ஸ்டார்வ்ட்’ என்று ஒரு பாட்டி முனகினால் பிஸ்கட்டோடு ஓடாதீர்கள், குளிர்கிறது என்றும் இருக்கலாம், போர்வை வேண்டுமா என்று கேளுங்கள். ‘நவுட்’ என்றால் ஒன்றுமில்லை, ‘அவுட்’ என்றால் ஏதாவது (கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஊர்தான், ஆனாலும் இதில் யாரும் ஆட்டம் இழக்கவில்லை).

இதெல்லாம் கொச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 866-ல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து யார்க் நகரத்தைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவையும் இதில் இருக்கின்றன. ‘லேக்’ என்றால் விளையாடுவது, அது அவர்கள் வார்த்தை. தாத்தா தன் மகன் ‘லேக்கிங்’ என்றால், பையன் பந்து விளையாடப் போயிருக்கிறான் என்று உடனே நினைக்காதீர்கள், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறான் என்றும் அர்த்தம் உண்டு. வேலை கிடைத்ததா என்று நாளைக்கு விசாரித்துப் பாருங்கள், அரை மணி நேரம் விடமாட்டார்.