தேய்ந்த கிரேயான், காய்ந்த ஸ்கெட்ச் பேனா, முடி விரிந்த பிரஷ்: இவற்றை வைத்துக் குழந்தைகளோடு என்ன செய்யலாம்?

நாங்கள் கொலுவுக்குப் பார்க் கட்டினோம். போன வருடம் காலாண்டு விடுமுறைக்கு அண்ணன் பிள்ளைகள் இருவரும் திருநெல்வேலிக்கு வந்திருந்தார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. தூக்கிப்போட மனசில்லாமல் சேர்த்து வைத்த வரையும் சாமான்கள் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய அவர்களோடு வந்தன.

முதலில் டப்பாவைத் தரையில் கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். அதில் பாதி இன்னும் உயிரோடுதான் இருக்கும். நாலு விரல் அகலத்துக்கு மேல் நீளம் இருந்தால் அது பென்சில்தான், அதை வைத்து எழுதத்தான் வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். அதைவிடக் குட்டையானதைக்கூடத் தீர்ந்துபோன பேனாவின் கூட்டில் செருகி எழுதலாம். எங்கள் அப்பா அப்படித்தான் எழுதுவார். உதிர்ந்துபோன வாட்டர் கலர் வில்லையையும் எறிய வேண்டாம். பொடியை ஒரு மூடியில் சேர்த்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் அழுத்தி வையுங்கள். அதிலிருக்கும் பிசின் தண்ணீரில் இளகிக் காயும்போது மறுபடி இறுகிக்கொள்ளும்.

காய்ந்த ஸ்கெட்ச் பேனாவில் உண்மையில் சாயம் தீர்ந்திருக்காது, ஈரம்தான் போயிருக்கும். பின்பக்க மூடியைக் குறடால் இழுத்து, உள்ளே இருக்கும் பஞ்சுத் திரியை எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் நல்ல கலர் தண்ணீர் கிடைக்கும். பெர்மனென்ட் மார்க்கருக்கு இது ஒத்துவராது, அதன் மை தண்ணீரில் கரையாது. கறுப்பை மட்டும் ஊறவைக்காமல் இருங்கள். ஒரு சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வளையம் போட்டு, துளித் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி வையுங்கள். தண்ணீர் மேலே ஏற ஏற, கறுப்புக்குள் ஒளிந்திருந்த நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து வரும். எங்கள் சாக்பீஸில் நீலமும் ஊதாவும் வந்தன. பெரியவள் அன்று ஒரு பெட்டி சாக்பீஸைக் காலி செய்துவிட்டாள்.

மிஞ்சியதில் பாதிக்கு மேல் பிரஷ். அக்ரிலிக் காய்ந்து கல்லாகி, முடியெல்லாம் விரிந்து நின்றது. அது தண்ணீரில் ஊறவைத்தாலும் இளகாது. நான் பேனா ஸ்டாண்டு, போட்டோ பிரேம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சின்னவன் ஒரு பிரஷை எடுத்து, முடி மேலே இருக்கும்படி களிமண் உருண்டையில் குத்திவிட்டு, "அத்தை, பனைமரம்!" என்றான். திருச்செந்தூர் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்த மரம். அச்சு அசல் அதேதான். நான் போட்டுவைத்த திட்டத்தையெல்லாம் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

பதினோரு பிரஷ்ஷும் பனங்காடு ஆயின. பென்சில் சீவிய சுருளை ஃபெவிகால் தொட்டுக் கைப்பிடியில் சுற்றினால் பனையின் சொரசொரப்பு அப்படியே வந்துவிடுகிறது. ஸ்கெட்ச் பேனா மூடிகளை நூலில் கட்டி மரத்தில் தொங்கவிட்டோம், பதநீர்க் கலயமாக. பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள் என்று சொன்னதுதான் தாமதம், பெரியவள் சாக்பீஸ் பொடியைக் குழைத்து ஒவ்வொரு மூடிக்குள்ளும் தீக்குச்சியால் தடவிக்கொண்டிருந்தாள். கொலு பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரியப் போவதில்லை. ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை.

பனங்காடு என்றால் தேரி வேண்டுமே, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடு. முழுக்க வரைந்து முடித்த டிராயிங் நோட்டுகளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு அரைத்தோம். எங்கள் ஆச்சி முறத்துக்கும் கூடைக்கும் பூசிய அதே கூழ். வெந்தயம்தான் அதற்குப் பசை. அதை மேடாகக் குவித்து, காய்ந்ததும் ஊறவைத்த சிவப்பு, ஆரஞ்சுச் சாயத்தை மேலே பூசினால் செம்மண் தேரி. நன்றாகக் காய நாலு நாள் ஆகும், அதனால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

கிரேயானுக்கு வருகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் மேல்தாள் தானாகக் கழன்றுவிடும். நீலத்தையும் பச்சையையும் துருவி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே தூவி, மேலும் கீழும் செய்தித்தாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். கண்ணாடி மாதிரி ஒரு குளம் கிடைத்தது. மீதியைப் பழைய டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் டப்பாவை வைத்து உருக்கி, சிலிகான் அச்சில் ஊற்றினால் புதுக் கிரேயான். இஸ்திரியும் அடுப்பும் பெரியவர்கள் வேலை. டப்பாவை நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது, மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவும் கூடாது. எல்லா நிறத்தையும் ஒன்றாகப் போட்டால் அழுக்குப் பழுப்புதான் வரும். ஆயில் பேஸ்டலைச் சேர்த்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். கிரேயானில் திரி வைத்து மெழுகுவத்தி செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். நிறப்பொடி திரியை அடைத்துக்கொள்ளும், சரியாக எரியாது.

காசு கொடுத்து வாங்கியது ஒரு ஃபெவிகால் மட்டும். அதற்கு முந்தின வருடம் பள்ளியில் வேண்டாத பொருளில் கைவேலை செய்துவரச் சொன்னார்கள் என்று அண்ணி புதிதாகத் தெர்மாகோலும் ஜிகினாத் தாளும் வாங்கிக் கொடுக்க வேண்டிவந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. என்ன செய்வது என்று முதலில் முடிவுசெய்துவிட்டுச் சாமான் தேடினால் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். சாமானைப் பரப்பிவைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள்.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களை அடுக்கும்போது சின்னவன் பென்சில் துண்டுகள் இருந்த டப்பாவையும் கொண்டுவந்து, "இதுக்கும் பொட்டு வைக்கணுமா அத்தை?" என்று கேட்டான். வைத்தோம். பனைமரங்கள் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் இருக்கின்றன. இந்த வருடம் பனங்காட்டுக்குப் பக்கத்தில் கிணறு வேண்டுமாம். சுற்றுச்சுவருக்கு இதுவரை முப்பத்திரண்டு பென்சில் துண்டு சேர்ந்திருப்பதாக நேற்று போனில் சொன்னான்.