வேலை, வீடு எல்லாம் செட் ஆயிடுச்சு, உடம்பு மட்டும் ஆகல

வணக்கம் சார். வெளிநாடு வந்து சில வருஷம் ஆச்சு. வேலை, வீடு, ஸ்கூல் எல்லாம் செட் ஆயிடுச்சு. வரும்போது ஒரு நோயும் கிடையாது, இப்ப பிரஷர் மாத்திரை, தூக்கமும் சரியில்ல. டாக்டர்கிட்ட மொழி தடுமாறும், 10 வயசு பொண்ணுதான் கூட வந்து பேசுவா. நீங்க இன்னும் இந்த ஊருக்கு மாறவே இல்ல, அதான் பிரச்சினைன்னு மனைவி சொல்றாங்க. அப்படியா சார்?

வாசகர் ஒருவர்

வணக்கம். அவங்க சொல்றத என்னால அப்படியே ஒத்துக்க முடியல. பொதுவா கெளம்பி வர்றவங்க சின்ன வயசு, நல்ல தெம்பு, நெறைய பேரு விசாவுக்கே மெடிக்கல் பாஸ் பண்ணி வர்றவங்க, அதனால புதுசுல உள்ளூர்க்காரங்கள விட ஆரோக்கியமாவே இருப்பாங்க, வருஷம் போகப்போக அது கரைஞ்சிடும், இது பல நாட்டுல பாத்தது. சாப்பாடு மாறுது, நடை குறையுது, சரிதான், ஆனா அதோட முடியல.

கலிபோர்னியாவுல இருந்த ஜப்பானிய வம்சாவளி ஆம்பளைங்கள வச்சு மார்மாட், சைம்னு ரெண்டு பேர் 1976ல ஒரு ஆய்வு போட்டாங்க. சொந்த சமூகத்தோட ஒட்டி இருந்தவங்களுக்கு இதய நோய் ஜப்பான் அளவுக்கே கம்மி, மேற்கத்திய வாழ்க்கைக்கு ரொம்ப மாறினவங்களுக்கு 3லேர்ந்து 5 மடங்கு ஜாஸ்தி. சிகரெட், கொலஸ்ட்ரால், பிரஷர் எல்லாம் கணக்குல எடுத்தும் அந்த வித்தியாசத்த விளக்க முடியல! மாறலன்னு உங்கள திட்டறவங்ககிட்ட இத காட்டுங்க.

அதுக்காக கதவ சாத்திட்டு நம்மாளுங்களோட மட்டும் இருங்கன்னு சொல்லல. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு கிண்டல் பண்ணுவோமே, இதுல அப்படி, சொந்த வழக்கத்தையும் விடாம வந்த ஊரோடயும் கலந்து இருக்கறவங்கதான் பெரும்பாலும் மனசளவுல தேவலாம்னு ஜான் பெரிங்கற உளவியலாளர் ரொம்ப காலமா எழுதிட்டு வர்றார், ஆனா அதுக்கு வந்த ஊரும் இடம் குடுக்கணும், உங்க கையில மட்டும் இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சப்புறம் புரிஞ்ச மாதிரி சிரிக்கறது, ஒரு போன் பண்றதுக்கு முன்னாடி என்ன பேசணும்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாக்கறது, பகல் பூரா இப்படி விறைப்பாவே இருந்துட்டு ராத்திரி படுத்த உடனே தூக்கம் வான்னா எப்படி வரும்?

மாத்திரைய நிறுத்திடாதீங்க. தூக்கம் வரலங்கறதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, பல பேரு பிரஷர் நம்பர மட்டும் காட்டிட்டு வந்துடறாங்க. பொண்ண மொழிபெயர்க்க கூட்டிட்டுப் போகாதீங்க ப்ளீஸ், அவ எதிர்ல நீங்க பாதிய முழுங்கிடுவீங்க, மீதிய அவ முழுங்கிடுவா. ஆஸ்பத்திரியிலயே மொழிபெயர்ப்பாளர் இருக்காங்களான்னு அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுடுங்க.