சூடானுக்கு அரிசி மூட்டை அனுப்பலாமா?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் மகளிர் சுய உதவிக் குழு நடத்துகிறோம். சுனாமியின்போது ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் எங்களுக்கு உதவினார்கள். இப்போது சூடானில் போரால் பட்டினி கிடப்பவர்களுக்காக 62,000 ரூபாயும் பன்னிரண்டு மூட்டை அரிசியும் துணிமணிகளும் சேர்த்திருக்கிறோம். எப்படி அனுப்புவது? போய்ச் சேருமா?

பதில்: பணத்தை மட்டும் அனுப்புங்கள். அரிசியும் துணியும் வேண்டாம்.

இதற்கான காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2005 சனவரியில் நிவாரணப் பணிக்காக உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். லாரிகள் இறக்கிவிட்டுப் போன பழைய துணிகள் சாலையோரத்தில் இடுப்பளவு குவிந்து, பனியில் நனைந்து பூசணம் பிடித்துக் கிடந்தன. அதிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துப் பார்த்த ஓர் அம்மா, அதை அப்படியே திரும்பப் போட்டுவிட்டு, சோறு வடிக்க ஒரு குண்டான் கிடைக்குமா என்று கேட்டார். அனுப்பியவர்களின் அன்பில் குறையில்லை. அங்கே என்ன தேவை என்று அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சூடானில் சிக்கல் இன்னும் பெரிது. 2023 ஏப்ரல் 15 அன்று போர் தொடங்கியது. 2024 ஆகஸ்டில், நாட்டின் மேற்கிலுள்ள டார்ஃபூர் பகுதியில், வடக்கு டார்ஃபூரின் சம்சம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. செங்கடலோரத் துறைமுகத்தில் சரக்கு இறங்கினாலும் டார்ஃபூர் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், போர்முனைகளைத் தாண்டி இருக்கிறது. அதனால் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், மேற்கே உள்ள சாட் நாட்டின் அத்ரே எல்லை வழியாகவும் லாரிகளை அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டுக்குள் உங்கள் பன்னிரண்டு மூட்டை நுழைய வழியில்லை. 2022இல் இலங்கைக்கு 40,000 டன் அரிசி அனுப்ப முன்வந்த தமிழக அரசுக்கே மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது.

பணம் போய்ச் சேரும் என்று நான் நம்புவதற்குக் காரணம், உதவியை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்று இருப்பதுதான். ஐ.நா. பொதுச்சபை 1991இல் நிறைவேற்றிய தீர்மானத்தின் வழியே உருவான ஒருங்கிணைப்பு ஏற்பாடு, எந்த ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று கணக்கெடுத்து உலக நாடுகளிடம் நிதி கேட்கிறது. குடிநீருக்கு யுனிசெஃப், மருத்துவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் என்று துறைவாரியாகப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் முறை, சுனாமிக்கு அடுத்த ஆண்டான 2005இல் வந்தது. இப்போது குறைவாக இருப்பது பணமே. 2025ஆம் ஆண்டுக்காக உலகம் முழுவதும் 19 கோடிப் பேருக்கு உதவ 4,700 கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள். பெரிய நாடுகள் நிதியை வெட்டியதால், அதே ஆண்டு ஜூனில் மிக அவசரத் தேவையில் உள்ள 11.4 கோடிப் பேருக்கான 2,900 கோடி டாலரை முதலில் திரட்டுவது என்று சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. மீதிப் பேருக்குப் பசி தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

குழுவின் பணத்தை நீங்களே வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்ப முயல வேண்டாம். அந்நியச் செலாவணி விதிகளில் அலைச்சல்தான் மிஞ்சும். ரூபாயில் நன்கொடை பெறும் பதிவுபெற்ற அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐ.நா. அகதிகள் முகமையின் இந்தியப் பிரிவு அப்படிப் பெறுகிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையிலும் விசாரிக்கலாம். பணம் சூடானுக்குப் போகுமா, இந்தியாவிலேயே செலவாகுமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கியூஆர் குறியீட்டுக்குப் பணம் போடாதீர்கள். குழுவின் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பி, ரசீதைத் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். வரிவிலக்கு வேண்டும் என்ற உறுப்பினர், பழைய வரி முறையில் இருந்தால், தன் பங்கைத் தன் பெயரிலேயே செலுத்தட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச் சலுகை கிடையாது.

இன்னொன்று: சூடானில் தேவை மாறினால் வேறு அவசரத்துக்குச் செலவிடலாம் என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். சுனாமி நடந்த சில நாட்களிலேயே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, தேவையான நிதி வந்துவிட்டதால் சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. வேறு இடங்களுக்குத் திருப்பிவிடக் கொடையாளர்களின் சம்மதத்தையும் அது கேட்க வேண்டியிருந்தது.

அரிசியைக் கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு, புழு வைப்பதற்குள் உள்ளூரிலேயே விற்று, அந்தத் தொகையையும் 62,000 ரூபாயோடு சேர்த்துவிடுங்கள். துணிகளில் நல்லவற்றைத் துவைத்து மடித்து, அளவுவாரியாகப் பிரித்து, அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.