கூவிக் கூவிப் பதில் சொல்லும் வான்கோழி ஏன் கிட்டே வருவதில்லை?

கேள்வி: அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இரண்டாவது வசந்தமாக வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். விடியும் முன் மரத்தில் இருக்கும் சேவல் என் அழைப்புக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பதில் கூவுகிறது. இறங்கியதும் எதிர்த்திசையில் போய்விடுகிறது. இல்லாவிட்டால் எழுபது கெஜத்தில் நின்று வாலை விசிறியாக விரித்துக் காட்டிவிட்டுத் திரும்புகிறது. விலை கூடிய அழைப்பான் (பெட்டையின் குரலை எழுப்பும் கருவி) வாங்க வேண்டுமா? எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். நண்பரின் துப்பாக்கியைக் கையில் எடுக்கலாமா?

பதில்: அழைப்பானுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பன்னிரண்டு தடவை பதில் வருகிறதென்றால் உங்கள் குரலை அது பெட்டை என்றே நம்பிவிட்டது. கோளாறு வேறு இரண்டு: அதிகமாக அழைக்கிறீர்கள், தப்பான இடத்தில் உட்காருகிறீர்கள்.

வான்கோழிகளில் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். மரத்தில் இருந்து சேவல் கூவுவதே “இங்கே வா” என்றுதான். நீங்கள் விடாமல் பதில் கொடுத்தால், வருகிறாள் என்று நினைத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குள் நிஜப் பெட்டைகள் இறங்கி வந்துவிடும். சேவல் அவற்றோடு நடையைக் கட்டும். ஆகவே மரத்தில் இருக்கும்போது மென்மையாக மூன்று நான்கு ‘யெல்ப்’ (பெட்டை கூப்பிடும் குரல்) போதும். பதில் வந்ததும் அழைப்பானைக் கீழே வைத்துவிடுங்கள். இறகடித்து இறங்கும் சத்தம் கேட்ட பிறகு இன்னொரு தரம் அழையுங்கள். அப்புறம் கையால் சருகைக் கிளறுங்கள்: சரக்... சரக் சரக்... நிறுத்தம். சீரான தாளத்தில் கிளறினால் மனிதன் நடப்பது போலிருக்கும்.

கூவல் நின்றுவிட்டால் பறவை போய்விட்டது என்று எழுந்துவிடாதீர்கள். பல சேவல்கள் கடைசி நூறு கெஜத்தைச் சத்தமில்லாமல்தான் கடக்கும். கடிகாரத்தைப் பார்த்து நாற்பது நிமிடம் அசையாமல் இருங்கள். இந்த வேட்டையில் மிகுதியான தோல்வி இந்த நாற்பது நிமிடத்தில்தான் நடக்கிறது.

இனி இடம். எழுபது கெஜத்தில் நிற்பது ஏன்? குரல் வந்த இடம் அங்கிருந்தே அதற்குத் தெரிகிறது, பெட்டையைக் காணோம். இனி அவள் வரட்டும் என்று நின்று ஆடிப் பார்க்கிறது. எனவே சேவல் உங்கள் இடத்தை முதன்முதலாகப் பார்க்கும்போதே 35 கெஜத்துக்குள் வந்திருக்க வேண்டும். மேட்டின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்ல முன்பு போட்ட பாதையின் வளைவில் உட்காருங்கள். நடுவே ஓடை, கம்பிவேலி, அடர்ந்த புதர் இருக்கக் கூடாது. பறக்கத் தெரிந்த பறவைதான், ஆனாலும் இவற்றின் முன் நின்றுவிடும். முந்தின நாள் மாலை இருட்டும் நேரத்தில் ஆந்தை போல் குரல் கொடுத்தால் சேவல் பதறிக் கூவும். அடையும் மரம் தெரிந்துவிடும். மறுநாள் இருட்டோடு இருட்டாகப் போய் அந்த மரத்திலிருந்து 100 முதல் 150 கெஜத்தில், அது நிற்கும் தரைக்குச் சமமான அல்லது கொஞ்சம் உயரமான தரையில் அமருங்கள். கௌதாரி பிடிப்பவர்கள் மற்றவற்றை ஈர்க்க வைக்கும் ‘பார்வை’ப் பறவை போல ஒரு பொம்மைப் பெட்டையை 20 கெஜத்தில் நட்டுவைக்கலாம்.

சேவலைச் சுற்றிப் பெட்டைகள் இருந்தால் அதிகாலையில் மல்லுக்கட்டாதீர்கள். ஒன்பது, பத்து மணிவாக்கில் பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்கு நழுவும். தனித்துவிட்ட சேவல் அப்போது கூப்பிட்ட குரலுக்கு வரும். மிசூரியின் பொது நிலங்களில் வேட்டை மதியம் 1 மணியோடு முடிகிறது. அதற்கு முந்திய மூன்று மணி நேரத்தைத் தூங்கிக் கழிப்பவர்கள் ஏராளம்.

வான்கோழிக்கு மோப்பம் குறைவு, ஆனால் கண் பொல்லாதது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து, முட்டியை மடக்கித் துப்பாக்கியை அதன்மேல் வையுங்கள். சேவலின் தலை ஏதாவது மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் நகருங்கள்.

குறி தலையும் கழுத்தும்தான். வால் விரித்து ஆடும்போது கழுத்து உள்ளே சுருங்கியிருக்கும், சுடாதீர்கள். அழைப்பானில் ஒரு ‘க்ளக்’ (குட்டையான ஒற்றைக் குரல்) கொடுத்தால் தலையை நிமிர்த்தும், அப்போது சுடுங்கள். பறவையை எட்டிப் பார்க்கும் ஆசையில் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து தூக்கினால் ரவை (தோட்டாவின் சிறு குண்டுகள்) தலைக்கு மேலே போய்விடும். சீசனுக்கு முன்பே 40 கெஜத்தில் தாள் கட்டிச் சுட்டு, 10 அங்குல வட்டத்தில் எத்தனை ரவை விழுகிறது என்று எண்ணுங்கள். நூறு தேறாவிட்டால் உங்கள் எல்லை முப்பது கெஜம். மிசூரியில் 4-ம் எண்ணைவிடப் பெரிய ரவைக்கு (எண் குறையக் குறைய ரவை பெரிது) அனுமதியில்லை.

சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் உடுத்தாதீர்கள், சாக்ஸ் உட்பட. மூன்றும் சேவல் தலையின் நிறங்கள். கூவல் வரும் திசைக்குப் பதுங்கிப் போகாதீர்கள். கூவுவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். வேறொருவர் வந்தால் கையை ஆட்டாமல், வாய்விட்டுச் சத்தமாகப் பேசுங்கள். சுட்ட பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான் தூக்கி வர வேண்டும்.

விசா விஷயம்: குடியேற்றம் அல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி விசாவும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. எனவே முதலில் உரிமம், பிறகே நண்பரின் துப்பாக்கி. பயிற்சிக்குச் சுடுவதற்கும் இதுவே வரிசை. 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். சுடக்கூடிய சேவல்கள், முதல் ஏழு நாளில் ஒன்று, சீசன் முழுதும் இரண்டு. சுட்ட அன்றே இரவு 10 மணிக்குள் ‘டெலிசெக்’ என்ற மாநிலப் பதிவு முறையில் பதிய வேண்டும்.

குடலை உடனே எடுத்துக் குளிரவையுங்கள். நெஞ்சுக்கறி சட்டென்று வெந்துவிடும், அதிகம் வெந்தால் சக்கையாகிவிடும். கால்கள் முழுக்க நரம்பு. குழம்பில் மூன்று மணி நேரமாவது சிறுதீயில் கிடக்கட்டும். கறியில் இறகு புதைந்த இடம் தெரிந்தால் அங்கே கத்தியால் கிளறிப் பாருங்கள், ரவை இருக்கும்.