மீல் மேக்கர் சாப்பிட்டா பையனுக்கு மார்பு வளருமா?

கோபி அண்ணனுக்கு வணக்கமுங்க. ஜிம்முக்குப் போற 17 வயசுப் பையன் வாரம் மூணு நாள் மீல் மேக்கர் திங்கறான், மார்பு வளர்ந்துருமோன்னு அப்பத்தா பயப்படறாங்கன்னு எழுதியிருந்தீங்க.

மீல் மேக்கர் சோயாவுல செய்யறதுதானுங்க. சோயாவுல இருக்கற ஐசோஃபிளேவோன்ங்கற பொருள், ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளை ஹார்மோன் சாயல்ல இருக்கறது நெசந்தான். ஆனா உடம்புல சுரக்கறதைவிட ரொம்ப வீரியம் கம்மி. 2010-லயும் 2021-லயும் பல ஆய்வுகளைச் சேர்த்து வெச்சுப் பாத்தாங்க, சோயா சாப்பிட்ட ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆம்பளை ஹார்மோன் குறையலீங்க. 2008-ல ஒரு 60 வயசுக்காரருக்கு மார்பு வீங்குனதாப் பதிவு இருக்குது. அவரு தினமும் 3 லிட்டர்கிட்ட சோயா பால் குடிச்சவரு, நிறுத்துனதும் சரியாச்சு.

எங்கூட்டுல வெந்நீர்ல ஊறவெச்சு, நுரை போகப் பிழிஞ்சு, வரமிளகாயும் தேங்காப் பல்லும் போட்டுப் பள்ளிபாளையம் பக்குவத்துல வறுப்போம். ஆளுக்கு ஒரு கைப்பிடி. தைரியமாக் குடுங்க.

அப்பத்தா தைராய்டு மாத்திரை போடறாங்கன்னா மட்டும், மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க.